கிழக்கு எல்லை

வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை,
மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல்,
இதுதான் செட்டிநாடு என்று
மேனேஜர் சாயங்காலந்தோறும்
விருந்தாளிகளுக்குச் சொல்வார்.
துண்டுகளைத் தூக்கிக்கொண்டு
நான் பின்னால் போய்க்கொண்டிருப்பேன்.
ஆறு வருஷமாகக் கேட்கிறேன்.
வெள்ளாற்றைப் பஸ்ஸில் தாண்டியிருக்கிறேன்.
கடலைப் பார்த்ததில்லை.

அங்கே அறை ஒன்று ராத்திரிக்குப் பதினோராயிரம்.
எங்களிடம் இருந்தது ஆளுக்கு இருநூறு,
இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விழுந்த லீவு.
காசைக் கூட எப்படியோ புரட்டிவிடலாம்.

ஐந்தே முக்காலுக்குக் கானாடுகாத்தானில் ஏறினோம்.
கண்டக்டர் கொடுத்த சீட்டில் பூஜ்யம் ரூபாய்.
காரைக்குடியில் இறங்கி ஏறினால் இன்னொரு பூஜ்யம்.
தேவகோட்டையில் மூன்றாவது.
திருவாடானையில்
வெள்ளை போர்டு வண்டிக்கு ஒன்றே கால் மணி நேரம்.
எதிரே உறுமிக்கொண்டு நின்ற எக்ஸ்பிரஸ்
அரை மணியில் தொண்டி போய்விடுமாம்.
"போகட்டும். கடல் என்ன
டூட்டி முடிஞ்சு வீட்டுக்கா போயிரும்?"
என்றாள் வள்ளிக்கண்ணு.

டிவியில் பார்த்த அலைக்குப் பயந்து
மாற்றுச் சேலை கொண்டுபோயிருந்தேன்.
முந்தானையில் மூன்று ஊக்கு.
அங்கே போனால்
எங்கள் ஊருணி மாதிரிக் கிடக்கிறது.
படிக்கட்டு ஒன்றுதான் குறைச்சல்.
அலை என்று ஒன்று வந்தது,
நாய்க்குட்டி நக்குகிற அளவுக்கு.

இறங்கி நடந்தோம். கணுக்கால்.
நடந்தோம். இன்னும் கணுக்கால்தான்.
பாசி சுற்றியது. என்னவோ ஒன்று
விரலிடுக்கில் நழுவி ஓடியது.
கரையில் விட்ட செருப்பு கடுகாகத் தெரிந்தபோது
முழங்கால்.
வள்ளிக்கண்ணு ஒரு கை அள்ளி வாயில் வைத்து
யோசித்தாள்.
நாளைக்கு நாற்பது பெட்ஷீட் துவைப்பவள்.
"இதுல அலசினா வெறைச்சு நிக்கும்."

டீக்கடை நூருல் அமீன்
கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.
"குளிக்க வந்தீகளா?"
"பார்க்க வந்தோம்."
"பார்த்துட்டுச் சொல்லுங்க,
நான் பார்த்து நாளாச்சு."
டீ, வடை, கடலை ஐம்பது.
பொரித்த மீன் இரண்டு துண்டு நூற்றிருபது.
கொண்டுபோன எலுமிச்சம்பழச் சாதம்
அந்த மீனுக்குத் துணையாக
திடீரென்று பெரிய சாப்பாடாகிவிட்டது.

கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் படுத்தோம்.
பகலில் எப்படிப் படுப்பது என்று
விருந்தாளிகளைப் பார்த்துத் தெரியும்:
ஒரு கையைத் தலைக்குக் கீழே வைத்து
மற்றதை மறந்துவிட வேண்டும்.
மறக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
கை தானாகவே மணலை நீவி
சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தது.

நான்கு மணிக்கு பூஜ்யம் வண்டி.
எழுந்து மணலைத் தட்டினேன்.
வள்ளிக்கண்ணு எழவில்லை.
கண்ணை மூடியபடியே கணக்குப் போட்டாள்:
மிச்சம் இருநூற்று முப்பது.
ஐந்து மணி எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரைக்கும்
ஆளுக்கு அறுபத்தைந்து.
நூறு மிஞ்சும்.
"படு."

அப்படித்தான் வாங்கினோம்
அந்த ஒரு மணி நேரத்தை.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு படகு வந்தது. ஒரு காகம்
வலையில் எதையோ இழுத்துத் தோற்றது.
தண்ணீர் பழுப்பிலிருந்து ஈய நிறத்துக்கு மாறியதை
நான் பார்த்தேன், அவள் தூங்கினாள்.

நூறு ரூபாய்க்கு நெத்திலிக் கருவாடு.
எக்ஸ்பிரஸ் முழுக்க மணத்தது.
முன் சீட்டுக்காரர் தேவகோட்டை வரைக்கும்
மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்,
இறங்கும்போது
எங்கே வாங்கினீங்க என்று கேட்டார்.

மறுநாள் சாயங்காலம்
ஒரு வெள்ளைக்கார ஜோடிக்கு முன்னால் மேனேஜர்
கையைக் கிழக்கே நீட்டினார்.
"முழங்கால் மட்டுந்தான்"
என்று துண்டுகளிடம் சொன்னேன்.
கொல்லையில் வள்ளிக்கண்ணு
ஈரக் கையோடு காலண்டரைப் புரட்டி
அடுத்த மாதத்தை நனைத்துக்கொண்டிருந்தாள்.