ஆளுக்குப் பத்துப் பட்டாணி

நாற்பதாயிரம் யூரோ, அவ்வளவுதான் எங்கள் கையில்.
யாரும் விலைகொடுத்து வாங்காத,
எல்லோரும் எடுத்துப் புழங்குகிற நிரல்களுக்கு.
நாமே பங்கு போட்டால் நாலு பேர் ஏசுவார்கள்,
புழங்குகிறவர்களையே கேட்போம் என்றாள் ஊர்வே.

தார்த்து நகரம், பிப்ரவரி.
ஆறு கெட்டிப்பட்டு ஆட்கள் குறுக்கே நடக்கிறார்கள்.
பழைய அச்சகத்தின் மாடியில்
வெள்ளரிக்காய் ஊறிய ஐந்து ஜாடிகள்,
எத்தனை கழுவியும் போகாத சதகுப்பை வாசம்.
ஆளுக்குப் பத்து உலர்ந்த பட்டாணி.
குடவோலை மாதிரிதான், ஓலைதான் இல்லை.

புது முகப்புக்கு ஒரு ஜாடி.
பேசப் பேச எழுதித்தரும் கருவிக்கு ஒன்று.
கையேட்டை மொழிபெயர்க்க ஒன்று, இருட்டுத் திரைக்கு ஒன்று.
ஐந்தாவதின் சீட்டில் நான்
"இருப்பதைப் பழுதுபார்க்க" என்று
பென்சிலால் எழுதியிருந்தேன். யார் கை ஈரமோ,
மதியத்துக்குள் "இருப்பதை" மட்டும் மிச்சம்.

பேருந்து அட்டவணை போடும் மாரெட் வந்தாள்,
பூட்ஸின் பனியைக்கூட உதறாமல்.
கால்நடை மருத்துவமனையில் பதிவேடு பார்ப்பவர்,
பெயர் சொல்லவில்லை.
நர்வாவிலிருந்து ரஷ்யன் பேசும் இரண்டு மாணவர்கள்,
"எங்களுக்கும் பத்தா?"
பத்துதான்.

முதல் நூறு பட்டாணி கண்ணாடியில் மோதிச் சத்தமிட்டன.
பிறகு பட்டாணிமேல் பட்டாணி விழ, சத்தம் அடங்கியது.
ஐந்தாவது ஜாடி மட்டும்
கடைசிவரை கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது.

குறை சொல்ல என்ன இருக்கிறது?
வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால்
தரை என்று யார் சொல்வார்?

அதற்குள் ஒரு பேருந்துச் சீட்டும் கிடந்தது.
பின்பக்கம் நுணுக்கி எழுதியிருந்தார்கள்:
"அக்டோபரில் ஒருநாள் எங்கள் நிறுத்தத்தின் பெயரில்
ஓவுக்குமேல் அலைபோடும் எழுத்தெல்லாம்
கேள்விக்குறியாக நின்றது.
மறுநாள் சரியாகிவிட்டது.
யார் செய்தது?"

எனக்குத் தெரியும்.
பகலில் லிப்ட் பழுதுபார்க்கும் கௌப்போ.
எங்கள் எழுத்துகள் கலையாமல்,
பெயர்கள் அகரவரிசை தப்பாமல் நிற்க
பத்தொன்பது வருடமாக
ஒற்றை ஆளாய் ஒரு நிரலைக் கட்டிக் காக்கிறான்.
சம்பளம் கிடையாது.
வருவதெல்லாம் புகார்கள், அதிலும் பாதி
வணக்கம்கூட இல்லாமல் தொடங்குபவை.

ஊர்வே புகைக்கக் கீழே போனாள்.
முகப்பு ஜாடிக்குள் என் கை போனது.
ஒரு பிடி. அள்ளி ஐந்தாவதில் போட்டால்
யார் எண்ணப் போகிறார்கள்,
எண்ணப்போவது நான்தானே.
மணிக்கட்டுவரை பட்டாணி, சில்லென்று.
கேட்டுவிட்டு, சொன்னதை மாற்றுவதற்கு
கேட்காமலே இருந்திருக்கலாம்.
விரல்களை ஒவ்வொன்றாக விட்டேன்.

அப்போதுதான் மாடிப்படியில் காலடி.
எண்ணெய்க் கறையோடு கௌப்போ,
"மூடியாச்சா?"

கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினான்.
பத்தையும் எண்ணி வாங்கினான்.
ஐந்தாவது ஜாடியைத் தாண்டி
இருட்டுத் திரையில் கொட்டினான், மொத்தமாக.

நான் பார்த்த பார்வைக்குப் பதிலாக,
"ராத்திரி மூணு மணிக்கு
வெள்ளைத் திரை கண்ணைக் குத்துது" என்றான்.

வந்தவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர்.
இரண்டாயிரத்து நூற்றுப்பத்துப் பட்டாணியில்
ஐந்தாவது ஜாடிக்கு முந்நூற்று இருபத்திரண்டு.
மூன்றாம் இடம். ஆறாயிரத்து நூறு யூரோ, சொச்சம்.
அந்த ஆறாயிரத்துக்குக் கை நீட்ட
கௌப்போ மாதிரி இன்னும் பதினான்கு பேர்.

மறுநாள் நோன்புக்கு முந்திய செவ்வாய்,
ஊரெல்லாம் பட்டாணி சூப் வைக்கும் நாள்.
எண்ணி முடித்ததை ஊர்வே
பெரிய அண்டாவில் ஊறப்போட்டாள்.
பேருந்துச் சீட்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.
பதில் எழுத இடமில்லை அதில்,
முகவரியும் இல்லை.
நிறுத்தத்தின் பெயர் மட்டும் இருக்கிறது,
அலைகள் எல்லாம் அதனதன் இடத்தில்.