பாத்தி எண் பதினொன்று

கொளத்தூரில் எங்கள் குடியிருப்பின் பின்னால்
கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கிரவுண்டு நிலத்தைச்
சங்கம் கயிறு போட்டுப் பிரித்தது.
சீட்டுக் குலுக்கலில் எனக்குப் பதினொன்று:
எட்டடிக்குப் பத்தடி.
மதியம் மூன்றுக்கு மேல்
தண்ணீர்த் தொட்டியின் நிழல் வந்து படுத்துக்கொள்ளும்.

முதல் கொத்தில் மண் வரவில்லை.
டைல்ஸ் துண்டு, பல்லுதிர்ந்த பிரஷ்,
ஒரு குழந்தையின் இடதுகால் செருப்பு,
துருப்பிடித்த கட்டுக்கம்பி.
கட்டடம் எழும்பும்போது உதறிப்போட்டதெல்லாம்
இங்கேதான் இருந்திருக்கிறது.
நான்காவது ஞாயிறு ஒரு மண்புழு நெளிந்தது.
வாங்க என்றேன்,
வீட்டுக்கு வந்தவரை அழைப்பதுபோல.

வில்லிவாக்கத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
காலை ஆறரையிலிருந்து
குழாய் குழாயாகப் பெயர் ஒட்டுவேன்.
ஒன்று மாறினால்
யாருடைய சர்க்கரையோ யாருக்கோ ஏறிவிடும்.
நகத்திடுக்கில் கறுப்போடு போன ஒருநாள்
மேலாளர் கையுறையைக் கழற்றச் சொன்னார்.
கத்தரி நட்டேன் சார் என்றேன்.
கிலோ என்ன விலைம்மா இப்போ என்றார்.

விலையைச் சொல்லவா?
தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், வேப்பெண்ணெய்,
மண்வெட்டிக்கு இரண்டாம் முறை பிடி:
ஆயிரத்து எண்ணூறு.
காய்த்தது பதினாறு, அதில் ஐந்து புழுவுக்கு.
மீதியை எண்ணெயில் வதக்கினேன்.
இவர் தட்டை நீட்டி
இன்னும் ரெண்டு போடு என்றார்.
அந்த ஒரு சாப்பாட்டு நேரத்துக்கு
கணக்கு நேராகிவிட்டது போலிருந்தது.

போர் தண்ணீரில் உப்பு.
இலையோரம் பீடி நுனிபோலக் கருகும்.
அதனால் சித்திரையில்
மூன்றாம் மாடி பெர்பெத்துவா வீட்டு ஏசி சொட்டுவதை
டியூப் விட்டு வாளியில் பிடிக்கிறேன்.
அவர்களுக்குப் புழுங்கினால்தான்
என் வெண்டை நிமிரும்.
கரண்ட் போன ராத்திரி,
சொட்டு நின்றுபோன சத்தத்தில் விழித்துக்கொண்டவள்
இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பெருச்சாளி சந்தா கட்டுவதில்லை.
சர்க்கரைவள்ளியைச் சனிக்கிழமை தோண்டலாம் என்றிருந்தேன்.
அது வெள்ளி இரவே தோண்டிவிட்டது.

பன்னிரண்டாம் பாத்தி எத்திராஜுலு
ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர்.
எதுவும் நேராகப் போகவேண்டும் அவருக்கு.
புடலைப் பிஞ்சு ஒவ்வொன்றிலும் கல் கட்டுவார்.
அவர் கொடி கயிற்றைத் தாண்டி
என் பக்கம் எட்டிப்பார்த்ததில் வருத்தமில்லை.
ஒருநாள் கல் அவிழ்ந்து
என் தக்காளி நாற்றின் கழுத்தில் விழுந்தது.
சின்னச் செடிதானேம்மா என்றார்.
உங்களுக்குச் சின்னது என்றேன்.
மூன்று வாரம் பேச்சில்லை.
ஒரே குழாயடியில் வேறு வேறு திசை பார்த்து
வாளி நிரப்பினோம்.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது.
தண்ணீர் வடிந்தபோது கயிறு இல்லை.
எண் எழுதிய பலகைகள் எல்லாம்
பம்ப் அறைச் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தன,
ஏழின்மேல் நான்கு சாய்ந்தபடி.
எத்திராஜுலு டேப்போடு வந்தார்.
ஒரு முனை அவரிடம், மறுமுனை என்னிடம்,
கணுக்கால் வரை சேறு.
"உங்க பக்கம் எதுவரைக்கும்மா?"
தெரியலை சார்.
அவருக்கும் தெரியவில்லை.
குத்துமதிப்பாக ஒரு குச்சி நட்டோம்.
என் பத்தடி இப்போது
ஒன்பதே முக்கால் என்று நினைக்கிறேன்.
அளந்து பார்க்கவில்லை.

கார்த்திகையில் நான் தூவாத தண்டுக்கீரை
என் பாத்தி முழுக்கச் சிவந்தது.
யார் விதையோ.
கொத்தமல்லியைக் காணோம்,
எவர் ரசத்தில் மணக்கிறதோ.
குச்சியின் அடியில், சரியாக அடியில்,
பூசணி ஒன்று இரண்டு இலையோடு நின்றது.
என் கை தானாக
இல்லாத மேலங்கிப் பையில் லேபிள் தேடியது.

இன்று காலை எத்திராஜுலு
கொடிக்கு அந்தப் பக்கமிருந்து இருமினார்.
புடலைக்குக் கல் கட்டட்டுமா?

சின்னக் கல்லாப் பாருங்க, என்றேன்.