உறை

மைனஸ் முப்பத்தொன்றில்
தூல் ஆறு முழுக்கக் கட்டி.
அதன்மேல் லாரி போகிறது.
உலான்பாத்தரின் சாக்கடைக் குழாய்
வந்து விழும் இடத்தில் மட்டும்
தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது,
ஆவி விட்டுக்கொண்டு,
கூச்சமில்லாமல்.

தூல் என்று எழுதப்போய்
இரண்டு முறை தோல் என்று எழுதிவிட்டேன்.
பெரிய பிழையில்லை.
ஆட்டுத்தோல் பதனிடும் கொட்டகைகள்
நள்ளிரவுக்குப் பின் மதகு திறக்கின்றன;
குரோமியப் பச்சை
யாருடையதும் அல்லாததுபோல் நடந்து வருகிறது.

ஓயுன்பிலெக்குக்கு இரவு ஷிப்ட்.
வரும் கழிவைப் பார்த்தே தேதி சொல்வாள்.
வெள்ளை மாதப் புத்தாண்டு என்றால்
சல்லடைக் கம்பிகளில் கொழுப்பு ஏறும்,
நகரமே ஒரே நேரத்தில்
இறைச்சிக் கொழுக்கட்டைச் சட்டி கழுவியதுபோல்.
ஒருநாள் ஒரு குழந்தையின் கையுறை வந்தது, சிவப்பு.
காயவைத்து ஆணியில் மாட்டினாள்.
இன்னும் தொங்குகிறது.

நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு சொட்டுச் சேறு:
காம்பில் நிற்கும் சின்னஞ்சிறு மணிகள்
திறந்து, சுருங்கி, திறந்து
நாம் விட்டதைத் தின்கின்றன.
"இவர்களுக்குத்தான் முதலில் சம்பளம் போடவேண்டும்"
என்பாள். தம்தின் சிரிக்கமாட்டான்.
அவனுக்கு மூன்று மாதப் பாக்கி.

பச்சை வந்த வியாழன்
மணிகள் மூடின.
வெள்ளிக்கிழமையும் திறக்கவில்லை.
தொட்டி கறுத்து, நுரைத்து,
நாற்றம் பேருந்து நிறுத்தம்வரை போய் நின்றது.
ஆலைக்காரர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை.

செத்த தொட்டிக்கு ஒரே வழி
உறை ஊற்றுவது.
ஆறு மணி நேரம் வடக்கே போய்
இன்னொரு ஊரின் உயிருள்ள சேற்றை
டேங்கரில் வாங்கி வந்தான் தம்தின்,
கூடாரக் கம்பளத்தைச் சுற்றிக் கட்டி,
உறை
உறைந்துவிடாமல்.
(இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்ய?)

பத்தொன்பதாம் நாள்
ஒரு மணி திறந்தது.
அவள் யாரையும் கூப்பிடவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு
விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகைகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.
நள்ளிரவும்.

கீழாற்றில் செரென்தொல்கொரின் குதிரைகள்
திறந்து கிடக்கும் நீரை விட்டுவிட்டு
குழாயைத் தாண்டி மேலே போய்
கட்டி உடைத்த குழியில்தான் குடிக்கும்.
மாதிரி எடுக்க வந்தவளிடம் அதைத்தான் சொன்னாள்:
"உன் எண் நல்ல எண்ணாகவே இருக்கலாம்.
என் சாம்பல் குதிரைக்கு எண்ணத் தெரியாது."
சொல்லிவிட்டுக் கரண்டியை நீட்டினாள்.
ஒன்பது குழி வெட்டிய மரக்கரண்டி.
காலையின் முதல் பால்,
ஆற்றுக்கு.

பால் என்ன செய்யும் என்று ஓயுன்பிலெக்குக்குத் தெரியும்.
சாக்கடையைவிடப் பல மடங்கு பசியோடு
ஆற்றின் மூச்சைக் குடிப்பது பால்.
ஆய்வகத்தில் அதற்கு ஒரு கணக்கே உண்டு.

மாதிரிக் குப்பியை முதலில் இறுக மூடினாள்.
பிறகு தெளித்தாள்.