மூன்று விநாடி

சம்மனில் என் பெயரைச் சரியாகவே எழுதியிருக்கிறார்கள்.
குறை சொல்ல இடமில்லை.
வேன் நம்பர், தேதி, காலை ஆறு நாற்பத்தெட்டு,
கிரீன் லேன் சந்திப்பு, சிவப்பு விளக்கு.
எழுத்துதான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது:
போலீஸ்காரர் மோட்டார் சீட்டின்மேல் வைத்து எழுதினார்.

நாளை ஒன்பது மணிக்கு லைட் ஸ்திரீட் கோர்ட்.
விளக்கு வழக்கை
வேறு எந்தத் தெருவில் விசாரிப்பார்கள்.

சிலிப்பர் கூடாதாம்.
ஒன்பது வருஷமாய் இந்தக் கால்
சிலிப்பரோடுதான் பிரேக் மிதிக்கிறது.
எதிர்வீட்டு சியூ லான் தன் கறுப்புச் சப்பாத்தைக் கொடுத்தாள்,
அரை அங்குலம் பெரிது.
முனையில் டிஷ்யூ திணித்தோம்.
ஜெயிலுக்கா போறே என்று மலாயில் சிரித்தாள்,
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு
இன்னும் இரண்டு டிஷ்யூ கொடுத்தாள்.

சேலை கட்டினால் கல்யாணத்துக்கு வந்தவள்.
சுடிதார் போட்டால் வேன்காரி.
இஸ்திரிப்பெட்டி சூடாகிக்கொண்டே இருக்கிறது.

தலையைக் குனிஞ்சு நில்லு, என்கிறார் எட்வின்,
மூணு பிள்ளைங்கன்னு சொல்லு, குறைப்பாங்க.
நமக்கு ரெண்டுதானே?
வேன்ல பதினொண்ணு இருக்கே, ஒண்ணைச் சேத்துக்க.

முன்னூறு வெள்ளி.
நாலு பிள்ளைகளின் மாதக் கட்டணம்,
அதில் இரண்டு பேர் இன்னும் தரவில்லை.

ஞாயிறு இரவு அந்தச் சந்திப்புக்குப் போனேன்.
பெட்ரோல் நிலையத்து ஓரம் நின்று
மஞ்சளை எண்ணினேன்.
சத்து, துவா, தீகா என்றால்
முடித்துவிட்டு மூச்சும் விடலாம்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
பள்ளிக்கூடத் தமிழில் எண்ணினால்
'மூ'வில் இருக்கும்போதே சிவப்பு.
பன்னிரண்டு முறை எண்ணினேன்.
எந்த மொழியில் பேசுவது என்று
அங்கேதான் முதலில் யோசித்தேன்.

மொழிபெயர்ப்பாளர் உண்டு, கேட்டால் தருவார்கள்.
ஆனால் நான்
மஞ்சள்தாங்க, இந்தா மாறப்போவுதுங்கிற மஞ்சள், என்றால்
அவர் குனிங் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.
அந்த 'இந்தா' எங்கே போகும்?
அதனால் நானே சொல்லிப் பார்க்கிறேன், குளியலறையில்.
குனிங், துவான்.
பெண் நீதிபதியாய் இருந்தால்,
குனிங், புவான்.
ஓடு ஒட்டிய சுவர்
ஒவ்வொரு தடவையும் நம்பாமல் திருப்பிக் கேட்கிறது.

சாட்சி என்று யாரும் இல்லை.

இருக்கிறான்.
முதல் வரிசை, சன்னலோரம், கிஷாலன், முதலாம் ஆண்டு.
மற்ற பத்துப் பேரும் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
அவன்தான் சொன்னான்,
ஆன்ட்டி, சிவப்பு.
மஞ்சள்டா என்றேன்.
அவன் எதுவும் சொல்லவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
பையைத் திறந்து
கலர் பென்சில் டப்பாவை எடுத்து
இரண்டு பென்சில்களை மட்டும் உருவி
கடந்துபோகும் தெருவிளக்கு வெளிச்சத்தில்
ஒன்றையும் மற்றதையும்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் சைரன்.

காலை. பிள்ளைகளை இன்று வசந்தியின் வேன் ஏற்றிக்கொண்டது.
ஐ.சி., லைசன்ஸ், சம்மன் அசல், நகல் இரண்டு,
கடைசியில் சுடிதார்தான்.
பதினொரு காலி இருக்கைகளோடு போகிறேன்.
பெல்ட் கொக்கிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன;
அவர்கள் இருக்கும்போது கேட்காத சத்தம்.

அதே சந்திப்பு. பச்சை.
கிட்டே வர வர, மஞ்சள்.
போயிருக்கலாம். நிச்சயமாய்ப் போயிருக்கலாம்.
சியூ லானின் சப்பாத்து பிரேக்கைத் தேடி
ஒரு நொடி வெறும் டிஷ்யூவை மிதித்தது,
பிறகுதான் வேன் நின்றது.
பின்னால் லோரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான், நீளமாய்.

ஒன்று, என்றேன்.
இரண்டு.