ரிசர்வ் சைட்

வரைபடத்தில் அது பச்சை.
பூங்காவுக்கென ஒதுக்கியது, பதினேழரை சென்ட்.
தரையிலோ சீமைக்கருவேலம், உடைந்த டைல்ஸ்,
ராத்திரி லாரிகள் கொட்டிப் போன பவுண்டரி மணல்.
கணபதிப் பக்கம் மண்ணை முகர்ந்தால்
இரும்புதான் முதலில் வரும்.

யாரையும் கேட்காமல்தான் உள்ளே போனோம்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தொரு பாத்தி, பன்னிரண்டுக்குப் பத்தடி.
கணக்கு நோட்டு என்னிடம்.
ஏழாம் எண் ஜெபராணி: வெண்டை, கொத்தவரை.
பதினெட்டு, லேத் ஆறுச்சாமி. பாத்தி ஓரத்தை
மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டுவார், விளைச்சல் சுமார்.
இருபத்திரண்டில் பிகாஷ், வார்ப்படப் பட்டறை, இரண்டாம் ஷிஃப்ட்.
அவன் ஊர்க் கீரைக்கு எங்களிடம் பெயரில்லை,
பிகாஷ் கீரை என்றே எழுதியிருக்கிறேன்.
போர் தண்ணி உப்பு. கத்தரி மட்டும்
அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஐப்பசியில் ஒரு விடியல்.
வடக்கு மூலையில் நாலு கல்லுக்கால் முளைத்திருந்தது,
நாங்கள் விதைக்காதது.
கம்பிக்கு உள்ளே ஹபீபாவின் அவரைப் பந்தல்.
வேலி போட்டவர் கையில் பத்திரம். அதில்
எங்கள் மூலைக்குக் கதவு எண்ணே இருந்தது.

அப்புறம் திங்கள்கிழமைகள். டோக்கன், வரிசை, மனு.
"வெட்டி வேலைங்க" என்றார் ஆறுச்சாமி,
ஒவ்வொரு திங்களும் அரைநாள் கூலியை விட்டு வந்தார்.
எண்பத்தேழாம் வருஷத்து லேஅவுட் அப்ரூவல்
தகவல் உரிமையில் கேட்டு ஐந்தாம் மாதம் கிடைத்தது.
ஜெராக்ஸில் பச்சை கறுப்பாக விழுந்திருந்தது.

சர்வேயர் வந்தார். செயின் பிடிக்க நானே போனேன்.
வெயிலில் மூன்று மணி நேரம்.
"மாநகராட்சி இடந்தானுங்க. வேலியைப் புடுங்கச் சொல்லீறலாம்."
கைதட்டினோம். ஜெபராணி ஒரு பிடி வெண்டை பறித்துக் கொடுத்தாள்.
பையில் போட்டுக்கொண்டே கேட்டார்:
"சரி, அப்ப நீங்க யாருங்க இங்க?"

ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால்
எவனும் தொடமாட்டான் என்று பேச்சு வந்தது.
ஹபீபா தலை நிமிராமல் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
"சாமி வந்தா உண்டியல் வரும்" என்றாள் முப்பதாம் எண் வேலாத்தாள்,
"உண்டியல் வந்தா தலைவர் வருவாரு,
தலைவர் வந்தா தக்காளி எங்க வெக்கறது?"
அதோடு அந்தப் பேச்சு போயிற்று.

சர்வேயருக்குப் பதில் சொல்ல ஓராண்டு பிடித்தது.
முத்திரைத்தாளில் பதினோரு மாத அனுமதி.
எட்டாம் நிபந்தனை: நிரந்தரமாக எதுவும் கூடாது.
கருவேப்பிலை நிரந்தரமா என்று கேட்டுத்
தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறோம்.
பதில் வரவில்லை. செடி இடுப்பளவு.

இந்த ஆனியில் எல்லாப் பாத்தியிலும்
ஒரு வரிசை மஞ்சள் ஊன்றினோம்.
அதற்கு ஒன்பது மாதம் போதும்.
மிச்சம் இரண்டும் மனுவுக்கு.