எட்டாவது குறிப்பு

ஒரு சொல்லுக்கு இருபத்திரண்டு சென்ட்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டுமாம்.
டுலூத்தில் எங்கள் வாசலில் இருப்பது ஏரி,
தன்னைக் கடலென்று நினைத்துக்கொண்டிருக்கும் ஏரி.
அதன் கரையில் உட்கார்ந்து
அளந்து போடுகிறேன்.

"மிக" என்பதை எடுத்தால்
இருபத்திரண்டு சென்ட் நட்டம்.
விட்டுவைத்தால்
ஆசிரியை ஜோலீன் கண்டுபிடித்துவிடுவாள்.

"ஆறு மாதச் செலவுக்கான பணம்
எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்"
என்று திங்களன்று எழுதினேன்.
என் கையிருப்பு பதினோரு நாள்.
பனிக்கால டயர் வாங்காவிட்டால் பதினாறு.
பொய்யில்லை இது.
சமையல் குறிப்பு எழுதுகிறவள்
பட்டினி கிடக்கக்கூடாதென்று சட்டமா?

அடுத்தது,
பிள்ளை கல்லூரிக்குப் போனபின்
காலியாகும் அறையை என்ன செய்யலாம்.
எண்ணூறு சொல், நாளைக் காலைக்குள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
அந்த அறையில்
சிக்னி தூங்காமல் புரண்டுகொண்டிருந்தாள்.
தையல் அறை, விருந்தினர் அறை, வாடகை என்று
சத்தம் கேட்காமல்
தட்டச்சு செய்தேன்.

உதவித்தொகைப் படிவத்தில்
பெற்றோர் தொழில் என்றொரு கட்டம்.
"என்னம்மா போடறது?"
"எழுத்தாளர்."
"அடுத்த கட்டம் மாத வருமானம் கேக்குது."
"அப்ப சுயதொழில்னு போடு."

வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போனேன்.
டெரிலின் பெயரையும் என் பெயரையும்
பத்தொன்பது வருடம் ஒட்டிவைத்திருந்த
கணக்கை மூட.
மீதி நானூற்றுப் பன்னிரண்டு டாலர்,
ஏழு சென்ட்.
அவன் கையெழுத்து முன்பே தபாலில் வந்துவிட்டது,
கடைசி எழுத்து வழக்கம்போல்
கோட்டைத் தாண்டி.

சிக்னி வெளியே காரிலேயே இருந்தாள்,
ஹீட்டரைப் போட்டுக்கொண்டு.
(நின்ற காரில் எஞ்சினை ஓடவிடாதீர்கள்:
போன குளிர்காலம்,
அறுநூறு சொல்.)

கவுன்டரில் இருந்த பையனுக்கு
டை முடிச்சு ஒருபக்கம் சாய்ந்திருந்தது.
"படிச்சுப் பாருங்க மேடம், உதவியா இருக்கும்"
என்று நாலாய் மடித்த தாளொன்றைத் தள்ளினான்.
கூட்டுக் கணக்கை மூடும் முன்: ஏழு குறிப்புகள்.

முதல் வரியிலேயே என் காற்புள்ளி.
யாரும் போடாத இடத்தில்
நான் மட்டும் போடுவது.
பெயர் இல்லை.
பெயர் வேண்டாமென்று சொல்லித்தான்
அந்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டேன்.
தானாகப் போகும் தவணைகள், மறந்துபோன சந்தாக்கள்,
வரிக்கு வேண்டிய பழைய அறிக்கைகள்...
ஒன்றையும் விடவில்லை இந்தப் பெண்.

ஆனால்
நான் எழுதிக் கொடுத்தது எட்டு.

இது பணம் பற்றியது இல்லையே என்று
எட்டாவதை வெட்டினாள் ஜோலீன்.
துணைக்கு யாரையாவது கூட்டிப்போங்கள்.
மூன்று சொல். அறுபத்தாறு சென்ட்.
நானும் வாதாடவில்லை,
பால் வாங்கக்கூடக் காணாது.

"நல்லா எழுதியிருக்காங்க இல்ல?
எங்க அம்மாவுக்கும் ஒண்ணு குடுத்தேன்."
"அம்மா யாரோட போனாங்க?"
முத்திரை குத்தப் போன கை
கொஞ்சம் நின்றது.
"தனியாத்தான். இங்கதான் வந்தாங்க.
நான்தான் மூடிக் குடுத்தேன்."

சங்கிலியில் கட்டியிருந்த பேனா எழுதவில்லை.
தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.
ஏழு சென்ட்டை, நோட்டோடு சேர்க்காமல்,
என் உள்ளங்கையில்
ஒவ்வொன்றாக வைத்தான்.

கார் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.
"ஆச்சா?"
"ஆச்சு."
"நானும் உள்ள வந்திருக்கணுமா?"
பெல்ட்டைத் தேடுகிற மாதிரி
குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்
தூக்குப்பாலம் மேலே போய்விட்டது.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்று
அவசரமே இல்லாமல்
உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.
சிக்னி போனைப் பார்த்தபடி சொன்னாள்:
"சுயதொழில்னா என்ன செய்றீங்கன்னு கேக்குதும்மா.
அறுபது எழுத்துக்குள்ள."

கப்பல் போய்
பாலம் இறங்கும்வரை
இருவரும் யோசித்துக்கொண்டிருந்தோம்,
எஞ்சினை அணைக்காமல்.