மணிக்கணக்கு வாடகைக் காடி

ஓட்வார் வருகிறார் என்றதும்
மூன்று மணி நேரத்துக்கு ஒரு காடி எடுத்தேன்.
இந்தத் தீவில் சொந்தக் காடி வைத்திருப்பவர்கள்
வேறு இனம்.

ஆறு வருடம் முன்பு அவர் ஊரில்
காலையில் தன் பழைய வேனில் ஏற்றிக்கொண்டவர்
இரவு பதினொன்றுக்கும் அணையாத வெளிச்சத்தில்
இறக்கிவிட்டார்.
கப்பல் எஞ்சின் சான்றிதழுக்காகப் போயிருந்தேன்.
கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்.
கையெழுத்து நாளைக்கு என்றார். இன்று மலை.

மலை என்றால்,
குறிஞ்சி நேராக நெய்தலுக்குள் இறங்கி நிற்கிறது.
நடுவே ஒரு வயல் வைக்க
யாருக்கும் தோன்றவில்லை.
கடல் உள்ளே வந்து, இன்னும் உள்ளே வந்து,
திரும்பும் வழி மறந்து
ஏரி மாதிரிப் படுத்திருந்தது.
ஒவ்வோர் அருவிக்கும் வேனை மெதுவாக்கி
பெயர் சொல்வார். பெயர் மட்டும்.
முப்பத்தேழு வரை எண்ணினேன்.
பிறகு அவர் வெட்டித் தந்த பழுப்புப் பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டுத்
தூங்கிப்போனேன்.
இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது என் முறை.
நூற்று அறுபத்து மூன்று மீட்டரில்
முடிந்துவிடுகிற ஒரு மலையை வைத்துக்கொண்டு
என்ன காட்ட?
கிழக்குக் கடலோர நெடுஞ்சாலையில்
என் அம்மா சிப்பி பொறுக்கிய தண்ணீர்
இன்று மூன்றாவது தடம்.
சாலை வளைவின் கீழ் போனபோது டாஷ்போர்டில் 'பீப்'.
என்ன பறவை என்றார் ஓட்வார்.
இரண்டு வெள்ளி என்றேன்.

கிராஞ்சியில் நீரிணையைப் பார்த்து நிறுத்தி
எஞ்சினை அணைத்தேன்,
அங்கே அவர் செய்ததைப் போலவே.
ஒடுங்கிய உப்புத் தண்ணீர்.
இக்கரை பச்சை. அக்கரை ஜொகூர், அதுவும் பச்சை.
'எங்கள் ஃபியோர்ட்' என்றேன், சிரிப்பார் என்று.
சிரிக்கவில்லை. ஆழம் எவ்வளவு என்றார்.
எனக்குப் பார்க்கிங் கட்டணம் மட்டும் தெரியும்.

மழை வந்தது.
இந்த ஊரில் முன்பதிவு இல்லாமல் நடக்கும் ஒரே காரியம்.
ஜொகூர் காணாமல் போனது.
எங்கள் மூச்சில் கண்ணாடி மங்க,
போன நவம்பரில் சிக்ரூன் இறந்ததைச் சொன்னார்,
அருவிக்குப் பெயர் சொல்வாரே, அந்தக் குரலில்.
அன்று பாலாடைக்கட்டி பொட்டலம் கட்டித் தந்தது சிக்ரூன்.
வைப்பரை நிறுத்தினேன்.
ஏன் என்று தெரியாது.

திரும்பும் வழியில் புக்கிட் பாத்தோக்.
வீவக புளோக்குகளுக்கு நடுவே பழைய கல்லுடைப்புக் குழி,
குளமாகி, அதன் மேல் ஒரே செங்குத்தாய்க் கருங்கல்.
பனி செதுக்கியதா என்றார்.
'இல்லை, கூலி.'
பாத்தோக் என்றால் மலாயில் இருமல்.
வெடி வைத்தபோது குன்று இருமிற்று என்பார்கள்.
இருமியது குன்றா ஆட்களா என்று
விசாரித்தவர் இல்லை.

அப்போது பார்த்தோம்,
மழை விட்ட கல்லில் வெள்ளையாய் இறங்கும் இழைகளை.
ஓட்வார் குடையை மடக்கினார்.
'பெயர்?'
'கிடையாது. பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.'
'அப்படியானால் சீக்கிரம்.'

தடித்துக் குதிப்பவளுக்கு அவசரக்காரி என்று வைத்தேன்.
பாதியில் வளைந்து நிற்பவளுக்கு இடுப்புவலி.
அவஸ்காரி, இத்துப்பலி என்று
அவர் வாய் பழகிப் பார்த்தது.
இடப்பக்கம் இன்னொன்று, நூல் அளவு.
நான் வாய் திறக்கும்முன் கையை உயர்த்தினார்.

கல் காயும்வரை நின்றோம்.

காடியைத் திருப்ப இன்னும் பதினைந்து நிமிடம் என்று
கைப்பேசி அதிர்ந்தது.
கூடுதலாக ஒரு மணி நேரம் என்று அழுத்தினேன்,
இனி காட்ட எதுவும் இல்லாத ஊரில்.